ஓவன் கோய்ல்: ஸ்காட்லாந்தின் சிறு கிளப்புகளிலிருந்து சென்னை வரை

ஐஎஸ்எல் கால்பந்துத் தொடரில் சென்னையின் எஃப்சி அணிக்கு இருமுறை தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர் ஓவன் கோய்ல். 2021-22 சீசனில் ஜாம்ஷெட்பூர் எஃப்சி அணிக்கு லீக் கேடயத்தைப் பெற்றுத் தந்தவரும் இவரே. இந்தியாவுக்கு வரும் முன் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வீரராகவும் பயிற்சியாளராகவும் மைதானங்களில் கழித்தவர். வீரராக இருந்தபோது எந்தக் கிளப்பிலும் நீண்ட காலம் நிலைத்ததில்லை. பயிற்சியாளரான பிறகும் அந்த வழக்கம் மாறவில்லை. தடுமாறும் அணி ஒன்றை ஏற்று, சில மாதங்களில் கோல் மழை பொழிய வைப்பது அவரது பலம். எழுப்பிய அணியைத் தொடர்ந்து அதே உயரத்தில் வைத்திருப்பதுதான் அவருக்குக் கடினமாக இருந்தது. பர்ன்லியும் போல்டனும் இதற்குச் சான்று; சென்னையும் விதிவிலக்கல்ல.

கோய்ல் 1966 ஜூலை 14 அன்று ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரில் பிறந்தார். வளர்ந்தது கிளாஸ்கோ நகரின் கோர்பல்ஸ் பகுதியில். அயர்லாந்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்த தொழிலாளர் குடியிருப்பு அது. கோய்லின் குடும்பமும் அயர்லாந்து வேர் கொண்டது. இந்தப் பூர்விகமே பின்னாளில் அயர்லாந்து குடியரசு அணிக்காக ஆடும் தகுதியை அவருக்கு அளித்தது. அவருடைய சகோதரர்கள் ஜோ, டாமி ஆகியோரும் தொழில்முறைக் கால்பந்து வீரர்களே. கோய்ல் 1980-களின் நடுப்பகுதியில் டம்பார்ட்டன் கிளப்பில் முன்கள வீரராகத் தொடங்கி, பின்னர் கிளைட்பேங்க் சென்று, 1990-இல் ஏர்ட்ரியோனியன்ஸ் அணியில் சேர்ந்தார்.

செல்டிக், ரேஞ்சர்ஸ் என்ற இரண்டு பெரும் கிளப்புகளின் நிழலில்தான் ஸ்காட்லாந்தின் மற்ற அணிகள் வாழ்கின்றன. ஏர்ட்ரியோனியன்ஸ் அத்தகைய அணிகளுள் ஒன்று. 1992-ஆம் ஆண்டு அந்த அணி ஸ்காட்டிஷ் கோப்பையின் இறுதி ஆட்டம் வரை முன்னேறியது. மே 9 அன்று நடந்த அந்த ஆட்டத்தில் கோய்ல் களமிறங்கினார். ரேஞ்சர்ஸ் 2-1 என்ற கணக்கில் வென்றது. தோற்றபோதும், அடுத்த சீசனில் ஐரோப்பிய கோப்பை வென்றோர் கோப்பைத் தொடரில் ஆடும் வாய்ப்பு ஏர்ட்ரிக்குக் கிடைத்தது. கோய்ல் மீது இங்கிலாந்து கிளப்புகளின் கண் விழத் தொடங்கியதும் இந்தக் காலத்தில்தான்.

1993-இல் போல்டன் வாண்டரர்ஸ் அவரை ஒப்பந்தம் செய்தது. அப்போது போல்டன் இங்கிலாந்தின் இரண்டாம் நிலை லீக்கில் ஆடிக்கொண்டிருந்தது. 1994-ஆம் ஆண்டு எஃப்.ஏ. கோப்பையில், முந்தைய ஆண்டு அக்கோப்பையை வென்ற ஆர்சனலைப் போல்டன் எதிர்கொண்டது. சொந்த மைதானத்தில் ஆட்டம் 2-2 எனச் சமனானது. லண்டன் ஹைபரி மைதானத்தில் நடந்த மறு ஆட்டத்தில் போல்டன் 3-1 என்று வென்றது. முதல் ஆட்டத்தில் கோய்ல் கோல் அடித்தார்.

அதைவிடப் பெரிய நாள் 1995 மே 29. பிரீமியர் லீக்குக்குத் தரம் உயர்வதற்கான பிளே-ஆஃப் இறுதியில், வெம்ப்ளி மைதானத்தில், ரெடிங் அணிக்கு எதிராகப் போல்டன் 0-2 எனப் பின்தங்கியிருந்தது. ரெடிங்குக்கு ஒரு பெனால்டியும் கிடைத்தது. போல்டன் கோல்காப்பாளர் அதைத் தடுத்தார். இரண்டாம் பாதியில் போல்டனின் முதல் கோலை அடித்து மீட்சியைத் தொடங்கி வைத்தவர் கோய்ல். கூடுதல் நேரத்தில் போல்டன் 4-3 என்று வென்றது. இந்த ஒரு கோல் பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகும் போல்டன் ரசிகர்களின் நினைவில் இருந்தது. 2010-இல் அவர் அங்குப் பயிற்சியாளராகத் திரும்பியபோது கிடைத்த வரவேற்பில் அதற்கும் பங்குண்டு.

சர்வதேசக் கால்பந்தில் அவருடைய கணக்கு மிகச் சுருக்கமானது. 1994 ஏப்ரலில் நெதர்லாந்தின் டில்பர்க் நகரில் நடந்த நட்புமுறை ஆட்டத்தில், ஜாக் சார்ல்ட்டன் பயிற்சியளித்த அயர்லாந்து அணிக்காக மாற்று வீரராகக் களமிறங்கினார். அயர்லாந்து 1-0 என வென்றது. அதே ஆண்டு அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைக்கான அணியில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. அயர்லாந்து அணிக்காக அவர் ஆடிய ஒரே சர்வதேச ஆட்டம் அதுதான்.

போல்டன் பிரீமியர் லீக்குக்கு உயர்ந்த சில மாதங்களிலேயே கோய்ல் ஸ்காட்லாந்து திரும்பி டண்டீ யுனைடெட் அணியில் சேர்ந்தார். அங்கும் அதே கதைதான். 1996 மே மாதம் பார்ட்டிக் திசில் அணிக்கு எதிரான பிளே-ஆஃப் இரண்டாம் ஆட்டத்தில், கூடுதல் நேரத்தில் அவர் அடித்த கோல் டண்டீ யுனைடெட்டை மீண்டும் முதல்நிலை லீக்குக்கு உயர்த்தியது. அதன்பின் மதர்வெல், டன்ஃபெர்ம்லைன், ராஸ் கவுண்ட்டி என ஊர்கள் மாறின. இடையில், ஹாலிவுட் நடிகர் ராபர்ட் டுவால் கால்பந்துப் பயிற்சியாளராக நடித்த ‘எ ஷாட் அட் குளோரி’ திரைப்படத்திலும் அவர் தலைகாட்டினார். பிறகு மீண்டும் ஏர்ட்ரியோனியன்ஸ். அக்கிளப் 2001-02 சீசனில் இரண்டாம் நிலை லீக்கில் இரண்டாவது இடம் பிடித்தது. ஆனால் கடன் சுமையால் அந்த சீசன் முடிந்ததுமே கலைக்கப்பட்டது. அதன் இடத்தை நிரப்ப உருவான ஏர்ட்ரி யுனைடெட், கிளைட்பேங்க் கிளப்பை விலைக்கு வாங்கிப் பெயரை மாற்றியே லீக்கில் இடம் பெற்றது. கோய்ல் ஆடிய இரண்டு கிளப்புகள் இவ்வாறு ஒரே கோடையில் வரைபடத்திலிருந்து மறைந்தன. பின்னர் அந்த ஏர்ட்ரி யுனைடெட்டுக்கும் அவர் ஆடினார்.

2002-03 சீசனில் அவர் ஃபால்கிர்க் அணியில் இருந்தார். சீசனின் நடுவே பயிற்சியாளர் வெளியேற, வீரர்களாக இருந்த ஜான் ஹியூஸும் கோய்லும் இணைந்து பயிற்சிப் பொறுப்பை ஏற்றனர். ஃபால்கிர்க் அந்த லீக்கை வென்றது. ஆனால் அதன் பிராக்வில் மைதானம் முதல்நிலை லீக்கின் விதிமுறைகளை நிறைவு செய்யவில்லை என்று கூறித் தரம் உயர்வு மறுக்கப்பட்டது. களத்தில் வென்றதைக் கோப்பில் இழந்த அனுபவத்துடன்தான் கோய்லின் பயிற்சியாளர் வாழ்க்கை தொடங்கியது.

மயிரிழையில் நழுவிய தொடக்கம்

2005-இல் பெர்த் நகரின் செயின்ட் ஜான்ஸ்டன் அணிக்கு அவர் தனிப் பொறுப்பேற்றார். இரண்டாம் நிலை லீக்கில் இருந்த அந்த அணி, 2006 நவம்பரில் லீக் கோப்பைக் காலிறுதியில் ரேஞ்சர்ஸை அதன் சொந்த ஐப்ராக்ஸ் மைதானத்திலேயே 2-0 என வீழ்த்தியது. அந்த சீசனில் ஸ்காட்லாந்தின் இரு உள்நாட்டுக் கோப்பைகளிலும் அரையிறுதி வரை சென்றது.

லீக்கில் நடந்தது வேறு. சீசனின் கடைசி நாளான 2007 ஏப்ரல் 28 அன்று செயின்ட் ஜான்ஸ்டன் ஹாமில்டனை 4-3 என வென்றது. அப்போது மற்றொரு மைதானத்தில் கிரெட்னா அணி சமநிலையில் இருந்தது. அதே நிலை நீடித்திருந்தால் கோய்லின் அணி முதல்நிலைக்கு உயர்ந்திருக்கும். ஆனால் கிரெட்னா இறுதி நொடிகளில் ஒரு கோல் அடித்துப் பட்டத்தைப் பறித்தது. அந்த கிரெட்னா கிளப் அடுத்த ஆண்டே நிதி நெருக்கடியில் மூழ்கி மறைந்துபோனது தனிக்கதை.

4-3 என்ற அந்தக் கணக்கைக் குறித்து வைத்துக்கொள்ளலாம். கோய்ல் பயிற்சியளித்த அணிகளின் ஆட்டங்களில் இதுபோன்ற எண்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. கோல் அடிப்பதையே தொழிலாகக் கொண்டிருந்த ஒருவர் அணியை அமைக்கும்போது, எதிரணியின் பெட்டிக்குள் எத்தனை பேர் நுழைகிறார்கள் என்பதைத்தான் முதலில் பார்ப்பார் போலும். தன் பெட்டியில் எத்தனை பேர் மிஞ்சியிருக்கிறார்கள் என்பது அடுத்த கேள்வியாகிவிடுகிறது.

பர்ன்லியின் 33 ஆண்டுக் காத்திருப்பு

2007 நவம்பரில் இங்கிலாந்தின் பர்ன்லி கிளப் அவரை அழைத்தது. ஒரு லட்சம் பேர்கூட இல்லாத பழைய பருத்தி ஆலை நகரம் அது. 1960-இல் இங்கிலாந்துச் சாம்பியனான அணி, 1976-க்குப் பிறகு முதல்நிலை லீக்கைக் கண்டதில்லை.

2008-09 சீசனில் பர்ன்லி ஆடிய ஆட்டங்கள் மொத்தம் 61. லீக் கோப்பையில் செல்சியை அதன் சொந்த மைதானத்தில் பெனால்டிகளில் வென்றது. காலிறுதியில் ஆர்சனலை 2-0 என வீழ்த்தியது. அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் டாட்டன்ஹாமிடம் 1-4 எனத் தோற்ற பர்ன்லி, சொந்த மண்ணில் நடந்த இரண்டாம் ஆட்டத்தின் 90 நிமிடங்களில் 3-0 என முன்னிலை பெற்று மொத்தக் கணக்கைச் சமன் செய்தது. வெளியூர் கோல்களுக்கு அப்போதே மதிப்பளிக்கும் விதி இருந்திருந்தால் பர்ன்லி இறுதிக்குச் சென்றிருக்கும். அத்தொடரிலோ அந்த விதி கூடுதல் நேரத்துக்குப் பிறகுதான் நடைமுறைக்கு வரும். அதன் கடைசி நிமிடங்களில் டாட்டன்ஹாம் இரண்டு கோல்கள் அடித்தது.

இப்படி ஒரு தோல்விக்குப் பிறகு சிறிய அணிகள் பெரும்பாலும் சோர்ந்துவிடும். பர்ன்லி லீக்கில் ஐந்தாமிடம் பிடித்துப் பிளே-ஆஃபுக்கு முன்னேறியது. 2009 மே 25 அன்று வெம்ப்ளியில் வேட் எலியட் அடித்த ஒரே கோலால் ஷெஃபீல்ட் யுனைடெட்டை வென்று, 33 ஆண்டுகளுக்குப் பின் முதல்நிலை லீக்குக்குத் திரும்பியது. அந்தக் கோடையில் செல்டிக் கிளப்பின் பயிற்சியாளர் பதவிக்குக் கோய்லின் பெயர் பலமாக அடிபட்டது. அவர் பர்ன்லியிலேயே தொடர்வதாக அறிவித்தபோது நகரமே கொண்டாடியது.

2009 ஆகஸ்ட் 19 அன்று, நடப்புச் சாம்பியன் மான்செஸ்டர் யுனைடெட்டை ராபி பிளேக்கின் கோலால் பர்ன்லி 1-0 என வென்றது. சொந்த மைதானத்தில் ஆடிய முதல் நான்கு லீக் ஆட்டங்களிலும் வெற்றி. வெளியூர்களில் கோய்லின் பொறுப்பில் பர்ன்லி ஒரு லீக் ஆட்டத்தைக்கூட வெல்லவில்லை.

ஆறே மாதங்களில் நிலைமை தலைகீழானது. 2010 ஜனவரியில், தரமிறக்க அபாயத்தில் இருந்த தன் பழைய கிளப்பான போல்டனின் அழைப்பைக் கோய்ல் ஏற்றார். கிளப் மாறுவது தொழில்முறைக் கால்பந்தில் அன்றாடம். ஆனால் போல்டனும் பர்ன்லியும் ஒரே லங்காஷயர் வட்டாரத்தைச் சேர்ந்தவை. இரண்டும் அதே சீசனில் அதே தரமிறக்கத்திலிருந்து தப்பப் போராடியவை. பர்ன்லி ரசிகர்கள் அவரை யூதாஸ் என்று அழைத்தனர். அம்மாத இறுதியிலேயே இரு அணிகளும் மோத, போல்டன் 1-0 என வென்றது. சீசன் முடிவில் போல்டன் 14-ஆம் இடத்தில் தப்பியது, பர்ன்லி தரமிறங்கியது. 33 ஆண்டுகள் காத்துப் பெற்ற இடம் ஒரே ஆண்டில் பறிபோனது. கோய்ல் இருந்திருந்தாலும் அந்த வெளியூர்க் கணக்குடன் பர்ன்லி தப்பியிருக்குமா என்பது விவாதத்துக்குரியது. எனினும் அந்த ஜனவரி முடிவின் கசப்பு அவரை நெடுநாள் விடவில்லை.

போல்டன்: ஒரு புள்ளி

போல்டனில் தொடக்கம் நன்றாகவே இருந்தது. நீண்ட பந்துகளை உயரே அடித்து ஆடும் அணி என்று பெயரெடுத்திருந்த போல்டன், தரையில் பந்தைக் கடத்தி ஆடத் தொடங்கியது. ஆர்சனலிலிருந்து ஜாக் வில்ஷயரையும், பின்னர் செல்சியிலிருந்து டேனியல் ஸ்டரிட்ஜையும் கடன் ஒப்பந்தத்தில் கொண்டு வந்தார். இளைஞரான ஸ்டரிட்ஜ் 12 லீக் ஆட்டங்களில் 8 கோல்கள் அடித்தார். 2010 நவம்பரில் நியூகாசிலை 5-1 என வீழ்த்திய போல்டன், அந்த சீசனில் எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி வரை சென்றது. 2011 ஏப்ரல் 17 அன்று வெம்ப்ளியில் ஸ்டோக் சிட்டியிடம் 0-5 எனத் தோற்றது. சரிவு அங்கிருந்தே தொடங்கியது எனலாம். சீசனின் கடைசி ஐந்து லீக் ஆட்டங்களிலும் தோல்வி. நடுகளத்தின் முதுகெலும்பான ஸ்டூவர்ட் ஹோல்டன் மார்ச் மாதமே காயமடைந்திருந்தார். கோடையில் நடந்த பயிற்சி ஆட்டமொன்றில் தென் கொரிய வீரர் லீ சுங்-யாங்கின் கால் முறிந்தது.

2012 மார்ச் 17 அன்று லண்டனில் டாட்டன்ஹாமுக்கு எதிரான எஃப்.ஏ. கோப்பைக் காலிறுதி. முதல் பாதி முடியும் தறுவாயில், அருகில் எவரும் இல்லாத நிலையில், போல்டனின் நடுகள வீரர் ஃபேப்ரிஸ் முவாம்பா நிலைகுலைந்து விழுந்தார். வயது 23. மாரடைப்பு என்று அப்போது பலர் எழுதினாலும், நிகழ்ந்தது இதயத் துடிப்பே நின்றுபோன நிலை. மைதானத்திலும் ஆம்புலன்ஸிலுமாக மருத்துவர்கள் போராடினர்; 78 நிமிடங்கள் அவரது இதயம் தானாகத் துடிக்கவில்லை. ஆட்டம் கைவிடப்பட்டது. கோய்லும் அணித்தலைவர் கெவின் டேவிஸும் முவாம்பாவுடன் மருத்துவமனைக்குச் சென்றனர். அடுத்த நாள்களில் முவாம்பாவின் குடும்பத்துக்குத் துணையாக நிற்பது, திகைத்துப் போயிருந்த வீரர்களை ஒன்று சேர்ப்பது, உலகெங்கும் இருந்து வந்த ஊடகங்களுக்கு விளக்கம் அளிப்பது ஆகிய மூன்றும் கோய்லின் தோளில் விழுந்தன. ஆட்டத்தைப் பற்றிப் பேச மட்டுமே பழகிய ஒருவர் அந்த நாள்களில் காட்டிய நிதானத்தை, அவருடைய கடும் விமர்சகர்களும் குறை கூறியதில்லை. முவாம்பா பிழைத்தார், அந்த ஆகஸ்டில் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார்.

அந்த சீசன் முடிந்த நாள் 2012 மே 13. மான்செஸ்டர் சிட்டியின் செர்ஜியோ அகுவேரோ கடைசி நொடிகளில் அடித்த கோலால் பட்டம் கைமாறிய நாள் என்றே உலகம் அதை நினைவில் வைத்திருக்கிறது. அக்கோலால் 2-3 எனத் தோற்ற அணி குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ். அந்த அணி தோற்று, போல்டன் ஸ்டோக்கை வென்றிருந்தால், போல்டன் தப்பியிருக்கும். போல்டன் 2-1 என முன்னிலையில்தான் இருந்தது. இரண்டாம் பாதியில் ஸ்டோக்குக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. ஆட்டம் 2-2 என முடிந்தது. குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் 37 புள்ளிகள், போல்டன் 36. பதினோரு ஆண்டுகள் முதல்நிலை லீக்கில் இருந்த போல்டன் தரமிறங்கியது. இன்று வரை திரும்பவில்லை. அக்டோபரில் கோய்ல் நீக்கப்பட்டார்.

அதன் பிறகான ஏழு ஆண்டுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2013-இல் விகன் அத்லெட்டிக்: எஃப்.ஏ. கோப்பையை வென்ற அதே சீசனில் தரமிறங்கிய விசித்திரமான அணி. ஆறு மாதம்கூட நீடிக்கவில்லை. அடுத்து அமெரிக்காவின் ஹூஸ்டன் டைனமோ, ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு. 2016-இல் பிளாக்பர்ன் ரோவர்ஸ். பர்ன்லியின் பரம வைரியான இக்கிளப்பில், ஒரு காலத்தில் பர்ன்லியின் நாயகனாக இருந்தவரை ரசிகர்கள் முதல் நாளிலிருந்தே ஏற்கவில்லை. 2017 பிப்ரவரியில் வெளியேறினார். பிளாக்பர்ன் அந்த சீசனில் மூன்றாம் நிலைக்கு இறங்கியது. பின்னர் ராஸ் கவுண்ட்டி. அங்கும் அரை ஆண்டுக்குள் விலகினார். 2018 வசந்தத்தில் கோய்லின் பெயரைப் பிரிட்டனின் கிளப்புகள் எதுவும் தீவிரமாகப் பரிசீலித்ததாகத் தெரியவில்லை.

சென்னையில் பன்னிரண்டு ஆட்டங்கள்

இந்தியாவில் அப்போது சென்னையின் எஃப்சி திணறிக்கொண்டிருந்தது. 2015-இலும் 2017-18-இலும் ஐஎஸ்எல் சாம்பியனான அந்த அணி, 2018-19 சீசனில் கடைசி இடம் பிடித்தது. 2019-20 சீசனின் முதல் நான்கு ஆட்டங்களில் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. ஆறு ஆட்டங்களில் ஒரு வெற்றி, ஐந்து புள்ளிகள், நான்கு கோல்கள் என்ற நிலையில் பயிற்சியாளர் ஜான் கிரிகரி விலகினார். 2019 டிசம்பர் தொடக்கத்தில் கோய்ல் நியமிக்கப்பட்டார். பிரிட்டனில் தொடர்ந்து நீக்கப்பட்டவரை ஏன் அழைக்க வேண்டும் என்ற கேள்வி எழுந்ததில் வியப்பில்லை.

கோய்லின் வழிமுறை புதிதல்ல. எதிரணியை அதன் பாதியிலேயே நெருக்கிப் பந்தைப் பறிப்பது, பறித்த வேகத்தில் கோலை நோக்கிப் பாய்வது. கோல் அடிக்கத் தடுமாறிய லிதுவேனிய வீரர் நெரியஸ் வால்ஸ்கிஸ், பிரேசில் வீரர் ரஃபேல் கிரிவெல்லாரோ, இளம் இந்தியர்களான அனிருத் தாப்பா, லாலியன்ஸுவாலா சாங்டே ஆகியோருக்கு இந்த ஆட்டம் பொருந்தியது. கோவாவிடம் சொந்த மண்ணில் 3-4 என்ற தோல்வி; பிறகு ஒடிசாவிடம் இன்னொரு தோல்வி. அதன் பின் லீக்கில் எவரிடமும் அந்த அணி தோற்கவில்லை. 2020 பிப்ரவரி 1 அன்று கொச்சியில் கேரளா பிளாஸ்டர்ஸை 6-3 என்று வென்றது.

கோய்லின் பொறுப்பில் ஆடிய 12 லீக் ஆட்டங்களில் சென்னை 28 கோல்கள் அடித்து, 24 புள்ளிகள் பெற்று, நான்காமிடத்துடன் அரையிறுதிக்கு முன்னேறியது. எதிரணி லீக்கில் முதலிடம் பிடித்த கோவா. சென்னை நேரு மைதானத்தில் 4-1 வெற்றி. ஃபதோர்தாவில் 2-4 தோல்வி. மொத்தக் கணக்கில் 6-5. செயின்ட் ஜான்ஸ்டன் காலத்திலிருந்து அவரைக் கவனித்தவர்களுக்கு இந்த எண்கள் பழகியவையே. வால்ஸ்கிஸ் 15 கோல்களுடன் தங்கக் காலணி விருது பெற்றார்.

2020 மார்ச் 14 அன்று ஃபதோர்தாவில் இறுதி ஆட்டம் நடந்தபோது அரங்கில் ஒரு ரசிகரும் இல்லை. கொரோனா பரவல் காரணமாக மூடிய கதவுகளுக்குள் நடந்த அந்த ஆட்டத்தில் ஏடிகே 3-1 என வென்றது. சில நாள்களில் நாடு ஊரடங்குக்குள் சென்றது. சென்னை ரசிகர்கள் தங்கள் அணியின் இந்த மீட்சியை நேரில் கண்டது அரையிறுதியின் முதல் ஆட்டத்தோடு முடிந்துபோனது.

ஜாம்ஷெட்பூரின் கேடயம்

சென்னையில் அவர் தொடரவில்லை. 2020 ஆகஸ்டில் ஜாம்ஷெட்பூர் எஃப்சி அவரை ஒப்பந்தம் செய்தது. வால்ஸ்கிஸும் உடன் சென்றார். டாடா ஸ்டீல் நிறுவனத்துக்குச் சொந்தமான அந்த அணி அதுவரை ஒருமுறைகூடப் பிளே-ஆஃப் சுற்றைக் கண்டதில்லை. கோய்லின் முதல் சீசனில் ஆறாமிடம். இரண்டாவது சீசன் முழுவதும் கோவாவில், மருத்துவக் கட்டுப்பாட்டு வளையத்துக்குள், பெரும்பாலும் காலி அரங்குகளில் நடந்தது. ஹோட்டல் அறைக்கும் மைதானத்துக்கும் இடையே மாதக்கணக்கில் அடைபட்டிருந்த வீரர்களை ஊக்கம் குறையாமல் வைத்திருப்பதே அப்போது பயிற்சியாளர்களின் பாதி வேலை. கோய்லுக்கு இயல்பாகக் கைவந்த வேலையும் அதுதான்.

ஸ்காட்லாந்து வீரர் கிரெக் ஸ்டூவர்ட்டை மையமாக வைத்து ஆடிய ஜாம்ஷெட்பூர், லீக்கின் இறுதிக் கட்டத்தில் தொடர்ச்சியாக ஏழு ஆட்டங்களை வென்றது. 2022 மார்ச் 7 அன்று, பட்டத்தைத் தீர்மானிக்கும் கடைசி லீக் ஆட்டத்தில் ஏடிகே மோகன் பகானை ரித்விக் தாஸின் கோலால் 1-0 என வீழ்த்தியது. 20 ஆட்டங்களில் 43 புள்ளிகள். ஐஎஸ்எல் லீக் சுற்றில் அதுவரை எந்த அணியும் எட்டாத எண்ணிக்கை. ஜாம்ஷெட்பூர் வென்ற முதல் பெரிய பட்டமும் அதுவே. அரையிறுதியில் கேரளா பிளாஸ்டர்ஸிடம் மொத்தக் கணக்கில் 1-2 எனத் தோற்றது. ஒரு சீசன் முழுவதையும் கணக்கில் கொண்டால் கோய்லின் ஆகச் சிறந்த சாதனை இதுதான். பர்ன்லியில் பிளே-ஆஃப் வழியாகவே உயர்ந்தார். இங்கோ லீக்கையே வென்றார். அதோடு, 3-2, 4-3 என்று ஓடாமல் 1-0 என்று பூட்டவும் அவருக்குத் தெரியும் என்பதை அந்தக் கடைசி ஆட்டம் காட்டியது.

அடுத்த சீசனுக்கு அவர் இல்லை. குடும்பத்தின் அருகில் இருக்க விரும்பி ஸ்காட்லாந்து திரும்பி, குயின்ஸ் பார்க் கிளப்பில் சேர்ந்தார். 1867-இல் தொடங்கப்பட்ட, ஸ்காட்லாந்தின் மிகப் பழைய கிளப் அது. 2019 வரை ஊதியம் பெறாத வீரர்களைக் கொண்டே ஆடி வந்தது. 2022-23 சீசனின் கடைசி நாளில், வென்றால் முதல்நிலை லீக் என்ற ஆட்டத்தில் டண்டீயிடம் 3-5 எனத் தோற்றது. பிளே-ஆஃபிலும் வெளியேறிய பின் கோய்ல் பதவி விலகினார்.

மீண்டும் சென்னை

2023 ஜூலையில் சென்னையின் எஃப்சி அவரை மீண்டும் அழைத்தது. 2020-க்குப் பிறகு அந்த அணி ஒருமுறையும் பிளே-ஆஃபுக்குத் தகுதி பெற்றிருக்கவில்லை. இம்முறை சீசனின் தொடக்கத்திலிருந்தே பொறுப்பு; தன் விருப்பப்படி அணியைத் திரட்டவும் வாய்ப்பு இருந்தது. ஸ்காட்லாந்திலிருந்து கானர் ஷீல்ட்ஸ், ரயன் எட்வர்ட்ஸ் போன்றோர் வந்தனர். முதல் மூன்று ஆட்டங்களிலும் தோல்வி. சீசன் முழுதும் ஏற்ற இறக்கத்துடன் சென்ற அணி, இறுதிக் கட்டத்தில் வேகம் பெற்றது. மார்ச் 31 அன்று கொல்கத்தாவில், அந்த ஆண்டு கேடயத்தை வென்ற மோகன் பகானை 3-2 என வீழ்த்தியது. 22 ஆட்டங்களில் 27 புள்ளிகளுடன் ஆறாமிடம். நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு பிளே-ஆஃப். 2024 ஏப்ரல் 20 அன்று கோவாவிடம் 1-2 எனத் தோற்று வெளியேறியது.

2024-25 சீசனில் எதிர்பார்ப்பு கூடியிருந்தது. ஷீல்ட்ஸ் அந்த சீசனில் கோல் அடிக்க உதவிய பாஸ்களில் லீக்கிலேயே முன்னணியில் இருந்தார். ஆனால் தற்காப்பு மீண்டும் மீண்டும் உடைந்தது. முன்னிலை பெற்ற ஆட்டங்களில்கூடப் புள்ளிகள் கைநழுவின. 13 அணிகள் கொண்ட லீக்கில் சென்னை 11-ஆம் இடத்தில் முடித்தது. அதைத் தொடர்ந்த சூப்பர் கோப்பையின் முதல் சுற்றில் மும்பை சிட்டியிடம் 0-4 எனத் தோற்றது. 2025-இல் கோய்ல் சென்னையிலிருந்து விடைபெற்றார். அவருக்குப் பின் அப்பொறுப்பு கோவாவைச் சேர்ந்த முன்னாள் இந்திய வீரர் கிளிஃபர்ட் மிராண்டாவிடம் ஒப்படைக்கப்பட்டது.